சிடியில் அழித்த பக்கம்

ராபர்ட்சன்பேட்டையில் நான் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய வருஷங்களில், நந்திதுர்க்கிலிருந்து ஒரு டீச்சர் சனிக்கிழமை மத்தியானங்களில் வருவார். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து இறந்துபோன தன் அப்பாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் திருத்திய ஃபைலை அதே சிடியில் ஏற்றித் தருவேன். டிரைவ் சுழலும் மெல்லிய ரீங்காரத்தில் அறையே மிதப்பதுபோல் இருக்கும். வெளியே, தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசு எழுந்து, வெயிலில் கரையும். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒருநாள், அந்த சிடியை பெங்களூரில் இருக்கும் அக்காவுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். பிறகு தயங்கினார்.

"ஏம்மா, அக்காவைப் பத்தி எழுதின பக்கத்தை எடுத்துட்டேனே, அது நெஜமாவே போயிடுச்சா?"

அப்பா படுக்கையில் கிடந்தபோது அக்கா வரவில்லை. அந்தக் கோபத்தில் எழுதிய பக்கம் அது. இருவரும் மறுபடி பேசத் தொடங்கியதும் நீக்கிவிட்டார்.

போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை.

"இல்லீங்க டீச்சர். இந்த சிடியில எழுதினா எழுதினதுதான், அழிக்க முடியாது. புதுசு மட்டும் கண்ணுல படும். பழசு உள்ளயே இருக்கும்."

"இன்னாமா சொல்ற?" என்றவர், நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "காட்டு, பாக்கறேன்" என்றார்.

பழைய பதிவைத் தேடித் திறந்தேன். படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். சாயங்காலம் பெங்களூர் ரயில் சத்தம் கேட்டால் அப்பா கதவைத் திறந்து வைக்கச் சொல்வார் என்று அங்கே எழுதியிருந்தது.

"கோவத்தோட சேத்து எங்கப்பாவையும் எடுத்துட்டேன்மா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த ஒரு வரியை மட்டும் புதிய ஃபைலில் சேர்த்தோம். அதை வேறொரு சிடியில் எழுதிக் கொடுத்தேன். பழையதைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாதம் ஒன்று போயிருக்கும். அக்காவும் தங்கையுமாக வந்தார்கள். அக்கா, நான் எழுதிக் கொடுத்த புது சிடியை நீட்டினார்.

"இதுல நானும் எழுத இன்னும் எடம் இருக்குதாம்மா?"

"நெறைய இருக்குதுங்க."

உட்கார்ந்தார். ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். முடிக்க சாயங்காலமாகிவிட்டது. டீச்சர் திரையைப் பார்க்கவே இல்லை. அக்காவின் நாற்காலி முதுகில் கை வைத்தபடி, தெருவில் வந்துபோகும் பஸ்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.