பால் ஊறச் சுறா

மீனை அமிலத்தில் கரைத்து, அதில் பாதரசமும் ஈயமும் காட்மியமும் எவ்வளவு இருக்கின்றன என்று அளப்பது என் வேலை. மலேசியாவில், கிள்ளானில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இதற்காகவே சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதற்கு "மீன் செக் பண்ற வேலை" என்று பெயர். அதாவது, மீன் பாசாரில் செவுளைத் தூக்கிப் பார்த்துப் புதுசா பழசா என்று சொல்லத் தோதான ஆள். அதற்கு எதற்குப் பட்டம் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. பெருந்தன்மை.

அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது பால் சரியாகச் சுரக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் பிள்ளை பசியில் கத்த, கூடவே அக்காவும் அழ, அம்மா கடலோரக் காப்பாருக்குப் போய்ச் சுறாவோடு திரும்பினார். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்பது எங்கள் குடும்பத்தில் விவாதத்துக்கு அப்பாற்பட்டது. பாதரசம் அதிகம் சேரும் மீன்களில் சுறாவும் ஒன்று என்பது, பாவம், ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் தெரிந்த செய்தி.

"இதை அக்காவுக்குக் கொடுக்காதீங்கம்மா. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னுது, பெரிய மீனைச் சுறா தின்னுது. எல்லாத்தோட பாதரசமும் அது உடம்புல சேருது. அக்கா சாப்பிட்டா பால் வழியா பிள்ளைக்கும் போகும். அவன் மூளை இப்பதான் வளருது."

"மஞ்சள் போட்டு நல்லா அலசிடுறேன்லா."

"சதைக்குள்ள இருக்கும்மா. அலசினாலும் போகாது, அவிச்சாலும் போகாது."

"இதைத் தின்னுதான்டி உனக்கும் பால் கொடுத்தேன். மூளைக்கு என்ன குறைச்சல்? வாய்தான் நீளம்."

இதை அளக்க எங்களிடம் கருவி இல்லை. மாலையில் பந்திங்கிலிருந்து அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, பிள்ளையைப் பார்க்க வந்தார். பிள்ளைக்குச் சட்டை வாங்க மறந்திருந்தார். சுறாவை மறக்கவில்லை.

புட்டு அக்காவின் முன்னால் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"நிச்சயமா தெரியுமாடி?"

"ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகிடாது. அம்மா ஒரு வாயோட விடுவாங்களா?"

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அப்ப என் பேரன் பட்டினி கிடக்கணுமா?" அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. நியாயமான கேள்வி. நான் படித்த நான்கு வருடப் பாடத்தில் அது வரவில்லை.

"பிள்ளையை அடிக்கடி மார்ல போடச் சொன்னாங்கல்ல ஆஸ்பத்திரித் தாதி, அதைச் செய்வோம். மீன்தான் வேணும்னா நெத்திலி போடுங்க. சின்ன மீன், பாதரசம் குறைவு."

அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நெத்திலிக் குழம்பு வைத்தார். அக்கா தூக்கத்தைத் தொலைத்து, பிள்ளை அழும்போதெல்லாம் மடியில் போட்டாள். அந்த வாரக் கடைசியில் பால் நன்றாகவே வந்தது.

அம்மா சின்னம்மாவுக்குப் போன் போட்டார். "நம்ம சின்னவ லேப்ல கண்டுபிடிச்சிருக்கா. சுறாவெல்லாம் வேஸ்ட். நெத்திலிதான் பால் ஊற வைக்குமாம். சயின்ஸ்லா!"

அப்படி எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. அக்காவின் தூக்கம் கெட்டதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. போனைப் பிடுங்கப் பாதி எழுந்தேன். பந்திங்கில் சின்னம்மாவின் மருமகளுக்கு அடுத்த மாதம் பிரசவம் என்பது நினைவுக்கு வந்தது.

உட்கார்ந்துவிட்டேன்.