ஹவாய்க் கல்லும் என் பையும்

மற்றவர் வீட்டைத் துப்புரவு செய்கிற தொழிலில் தூசி மிஞ்சினால் மன்னிப்பு உண்டு, பொருள் குறைந்தால் இல்லை. இத்தாலியின் பலேர்மோ நகரில் பதினொரு வருடமாகத் துடைப்பம் பிடிக்கிறேன். நீங்களும் பிடித்தவர் என்றால், வீட்டுக்காரியின் மூக்குக்கண்ணாடி காணாமல் போகும்போது (அது அவர் தலையிலேயே இருக்கும்) நம் கை எப்படித் தானாகவே நம் பையைத் தடவிப் பார்க்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வெறுங்கால்

பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கத்தில் ஒரு புரொபசோரே, அதாவது பேராசிரியர், வீடு. ஓய்வு பெற்றவர், ஹவாய்த் தீவில் உள்ள பழைய கற்கோயில் ஒன்றின் சரித்திரத்தை வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய எழுத்தறைப் புத்தகத்தட்டில் ஒரு சாண் உயரக் கறுத்த கல் நிமிர்ந்து நின்றது. எரிமலைக் கல்லாம், உடம்பெல்லாம் துளை. அந்தக் கோயில் மதிலில் இருந்து எடுத்து வந்ததாம். நிமிர்ந்து நிற்கிற கறுத்த கல்லைக் கண்டால் ஊரில் எங்கள் ஆட்களுக்கு அது காவல் தெய்வம் வைரவர்தான். கால் தானாகவே சப்பாத்தைக் கழற்றிவிட்டது.

ஒருநாள் அவருடைய மனைவி, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற வீட்டு அம்மா, அறை வாசலில் நின்று என் பாதங்களையே பார்த்தார். "சப்பாத்தோடை நடந்தால் சத்தம் கேக்கும். நீ ஏன் சத்தம் கேக்காமல் நடக்கிறாய்?" என்றார்.

செவ்வரத்தம்பூ

வெள்ளிக்கிழமைகளில் பல்கனிச் சாடியிலிருந்து ஒரு செவ்வரத்தம்பூவை எடுத்துக் கல்லின் தலையில் வைக்கத் தொடங்கினேன். என் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, புதுப்பிக்கிற வேளை நெருங்கியிருந்தது. அதற்கு சிஞ்ஞோரா கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம் வேண்டும். இத்தாலிச் சாமியோ ஹவாய்ச் சாமியோ, யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான்.

புரொபசோரே பூவைக் கண்டுவிட்டார். கோபிக்கவில்லை, கதை சொன்னார். சண்டையில் வெல்வதற்காக ஓர் அரசன் கட்டிய கோயிலாம். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. சனங்கள் மைல்கணக்கில் வரிசையாக நின்று கல்லைக் கைக்குக் கை மாற்றிக் கொடுத்துக் கட்டினார்களாம். கட்டி முடித்ததும் தன் எதிராளியான ஒன்றுவிட்ட சகோதரனை அங்கே வரச்சொல்லி அழைத்தானாம். வந்தவனே பலியானானாம். அன்றிலிருந்து யார் விருந்துக்குக் கூப்பிட்டாலும் எனக்குச் சந்தேகம்தான். "அந்தச் சனம் முழுக்கக் கல்லை அடுத்தவன்ரை கையிலை குடுத்தது. நான் ஒருத்தன்தான் என்ரை பெட்டிக்குள்ளை வைச்சனான்," என்றார் புரொபசோரே.

தேங்காய்

ஒரு செவ்வாய்க்கிழமை தட்டில் கல் இல்லை. சிஞ்ஞோரா கத்தவில்லை; கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வீட்டுக்கு வெளிக்கிட்டபோது பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே கடதாசியில் சுற்றிய, கனமான, உருண்டையான ஒன்று. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பிரித்தால் தேங்காய்.

எனக்கு அந்த நேரம் பார்த்துப் பொய் வரவில்லை. "உங்கடை கல்லுக்கு உடைக்கத்தான் கொண்டந்தனான், சிஞ்ஞோரா. பெர்மெஸ்ஸோ கிடைக்கவேணும் எண்டு நேர்ந்தனான்," என்றேன். புரொபசோரே எழுத்தறைக்குள் இருந்து இருமினார், வெளியே வரவில்லை. "அப்ப அந்தக் கல்லிலை உனக்கு முந்தியே ஒரு கண் இருந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ளை கல் வரவேணும், இல்லாட்டி ஒப்பந்தம் இல்லை," என்றார் சிஞ்ஞோரா.

வீட்டு விசாரணை

அன்று பின்னேரம் வீட்டில் என் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வெங்காயம் வெட்டியபடியே கேட்டாள். பிறகு எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, "என்னட்டை மறைக்காதேங்கோ. வைரவர் எண்டு ஆசைப்பட்டு எடுத்தனீங்களோ?" என்றாள்.

குப்பைக்கூடை

வெள்ளிக்கிழமை எழுத்தறைக் குப்பைக்கூடையைக் கொட்டினேன். அடியில் ஒரு தபால் ரசீது. போகும் இடம் ஹவாய், நிறை நான் தூக்கித் துடைத்த கல்லின் நிறை. அந்த இருமல் அப்போதுதான் விளங்கியது. மூன்று நாளாக நான் சோறு இறங்காமல் திரிய, மனுசன் வாய் திறக்காமல் கோப்பி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ரசீதை அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றேன்.

அவர் ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மனைவியைக் கூப்பிட்டார். கலியாணம் முடிந்து ஹவாய்க்குப் போனபோது சிஞ்ஞோராவுக்கென்று அவர் எடுத்துக் கொடுத்த கல்லாம். "உனக்குத் தந்ததைத் திருப்பி அனுப்பப்போறன் எண்டு உன்னட்டைச் சொல்லப் பயமாயிருந்தது. இவனிலை நீ சந்தேகப்படேக்கையும் பயத்திலை பேசாமல் இருந்திட்டன்," என்றார்.

சிஞ்ஞோரா புத்தகத்தட்டில் கல் நின்ற இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஒப்பந்தத்தை எடுத்துக் கையெழுத்து வைத்து நீட்டினார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "நீ வெறுங்காலோடையே நட. இனி நான் காது குடுக்கப்போறது இந்த மனுசன்ரை காலடிச் சத்தத்துக்கு," என்றார்.

கல் தன் கோயிலுக்குப் போய்விட்டது, எனக்குப் பெர்மெஸ்ஸோவும் கிடைத்துவிட்டது, ஆனாலும் வேலை முடிந்ததும் யாரும் கேட்காமலே பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் இன்றைக்கும் படியிறங்குகிறேன்.