கையை மூடி, மூன்று அருள் நிறைந்த மரியே

அன்பான இறைமக்களே, நான் முன்பு சொன்ன ஒரு சாட்சியைத் திருத்தவே இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

2009ஆம் ஆண்டில் எனக்கு இருபத்தெட்டு வயது. சமூகப்பணியில் முதுகலை முடித்து, தேங்காய்ப்பட்டணம் பகுதியில் மீன் விற்கும் பெண்களின் குழுக்களை ஒருங்கிணைத்து வந்தேன். பிறர் துன்பத்தைக் கேட்டு வழி சொல்வது என் வேலை. என் இடக்கையோ என் சொல்லைக் கேட்கவில்லை. அது உச்சந்தலைக்குப் போகும். தடித்த முடி ஒன்றைத் தேடும். பிடுங்கும். வேரின் வெண்மையைப் பார்த்ததும் ஒரு நொடி அமைதி. உடனே அடுத்த முடி. கல்லூரித் தேர்வுக் காலத்தில் தொடங்கியது, பத்தாண்டுகளில் உச்சியில் உள்ளங்கை அளவு வழுக்கையாகிவிட்டது. நிம்மதியாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. "ஆண்டவரே, இந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும்" என்ற ஒற்றை வரியே என் செபமாக இருந்தது.

கோவிலில் மட்டும் பயமில்லை. அங்கே முக்காடு இருந்தது.

பிடுங்கிய முடிகளை நான் ஒளித்து வைத்திருந்த செபமாலைப் பெட்டியை ஒருநாள் திறந்த அம்மா திடுக்கிட்டார்கள்.

"ஏட்டி, இது எவளுக்க முடி?"

"எனக்கதுதான்மா."

அம்மா அழுதார்கள். அந்த மாதமே வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை வைத்து என்னை அழைத்துச் சென்றார்கள். மொட்டை போட்டோம்.

மொட்டைத் தலையில் பிடுங்க எதுவுமில்லை. கை மேலே போகும், வெறுமையைத் தடவிவிட்டு இறங்கும். அதையே சுகம் என்று நம்பினேன். ஊர் திரும்பிய வாரமே, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் எழுந்து, "மாதா என்னை முழுவதும் குணமாக்கிவிட்டார்கள்" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். நேர்ச்சையில் குறையில்லை. என் அவசரத்தில்தான் குறை.

விரல் பிடிக்கும் நீளத்துக்கு முடி வளர்ந்தது. கை திரும்பி வந்தது. முன்பு ஒரு வழுக்கையை மறைத்தேன். இப்போது ஒரு பொய்யையும் சேர்த்து மறைத்தேன். முக்காடு இல்லாமல் வாசலுக்குக்கூட வருவதில்லை.

தலையில் படை வந்திருக்கிறது என்று பொய் சொல்லி நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, "இது தோலில் வந்த நோய் இல்லம்மா" என்று அதே மருத்துவமனையில் இருந்த உளவியலாளர் அம்மையாருக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். என் செபத்துக்குப் பதில் அந்தச் சீட்டில்தான் வந்தது. அன்று அதை நான் உணரவில்லை.

அந்த அம்மையார் என்னைக் கண்டிக்கவில்லை. "பிடுங்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். கை எப்போ, எங்கே கிளம்புதுன்னு மட்டும் ஒரு வாரம் எழுதிட்டு வாங்க" என்றார். எழுதினேன். பேருந்தின் சன்னலோர இருக்கை. அறிக்கை வாசிக்கும் நேரம். எல்லாவற்றையும்விட அதிகம், குடும்பச் செபமாலை. வலக்கை மணியை உருட்டும்போது, இடக்கை முக்காட்டுக்குள் முடியைத் தேடிக்கொண்டிருந்தது! வெட்கத்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். கிழிக்காமல் கொடுத்தேன்.

பிடுங்கத் தோன்றும்போதெல்லாம் இரு கைகளையும் இறுக மூடி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி ஒரு நிமிடம் இருக்கச் சொன்னார். விரல் நுனிகளில் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார். சன்னலோர இருக்கை வேண்டாம் என்றார். "ஒரு நிமிடத்தை எப்படி அளப்பது? மெதுவாக மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' செபம் சொன்னால் போதுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "தாராளமா சொல்லுங்க. ஆனா மணி உருட்டணும்னு கையைத் திறக்கக் கூடாது."

ஆறு வாரங்களில் நோட்டில் எழுத வேண்டியவை பாதியாகக் குறைந்தன. அப்போதுதான் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த மேரி அக்கா சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மக்கா, எனக்க மூத்தவ ஷைனியும் ஒன்னப் போலத்தான் பிடுங்குதா. ஒனக்க சாட்சிய நெனச்சிட்டுதான் தைரியமா இருக்கேன். வெள்ளிக்கிழம மொட்டைக்குக் கூட்டிட்டுப் போறோம். அவ மாட்டேன்னு கெடந்து அழுது கரையுதா. விடுவேனா?"

ஷைனிக்கு இருபத்துமூன்று வயது. களியக்காவிளையில் ஒரு ஜவுளிக்கடையில் நின்று துணி எடுத்துக் காட்டுபவள். நேர்ச்சையைத் தானே விரும்பி ஏற்பது வேறு. என் பொய்யை நம்பி ஒரு பெண்ணை இழுத்துப் போவது வேறு. இடக்கை எழுந்தது. மூடினேன். மூன்று முறை சொல்லி முடிப்பதற்குள் மேரி அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை அன்பியக் கூட்டம். எழுந்து நின்றேன். முக்காட்டை எடுத்தேன். திட்டுத் திட்டாக வளர்ந்திருந்த தலையை எல்லாரும் பார்த்தார்கள்.

"அன்றைக்கு நான் சொன்னது உண்மையில்லை. எனக்கு இன்னும் குணமாகவில்லை. மருத்துவம் பார்க்கிறேன், குறைந்து வருகிறது."

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "அப்பம் நாங்க கையடிச்சது எதுக்கு?" மேரி அக்கா எழுந்தேவிட்டார். "ஏட்டி, பொய்யச் சொல்லி எனக்க மவளுக்கு மொட்டையடிக்கப் பாத்தியா?"

நின்றுகொண்டே இருந்தேன். வாசல் ஓரத்திலிருந்து ஷைனியின் குரல் வந்தது.

"எக்கா, அந்த டாக்டர் எந்தக் கிழமை இருப்பாவ?"

வெள்ளிக்கிழமைப் பயணம் நின்றது. அடுத்த செவ்வாய்க்கிழமை மூவரும் நாகர்கோவில் பேருந்தில் ஏறினோம். ஷைனி எங்களுக்கு முன் இருக்கையில். மேரி அக்கா என் பக்கத்தில். சன்னல் பக்கமே முகத்தைத் திருப்பியிருந்தார். பாதி வழியில் எனக்குக் கை தவித்தது. மூடிக்கொண்டு முணுமுணுத்தேன். அவர் என் கைகளைப் பார்த்தார்.

"எத்தன ஆச்சு?"

"ரெண்டு."

"மூணாவது நான் சொல்லுதேன்" என்று அவர் உரக்கச் சொல்லத் தொடங்கினார்.

இது 2013. ஷைனி எவ்வளவு முன்னேறினாள் என்பது அவள் சொல்ல வேண்டிய சாட்சி. என் உச்சந்தலை மூடிவிட்டது. சென்ற தவக்காலத்தில் மூன்று நாள் தோற்றேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன். கையைப் பிடித்துக்கொள்ளும் என்று கேட்டேன். ஆண்டவர் அதை மூடக் கற்றுக்கொடுக்க ஒருவரையும், என்னோடு சேர்ந்து எண்ண ஒருவரையும் தந்தார். அவருக்கு நன்றி.

உங்களில் யாருக்காவது முக்காட்டுக்குள் இப்படி ஒரு கை ஓயாமல் அலைந்துகொண்டிருந்தால், செபியுங்கள், மருத்துவரிடமும் செல்லுங்கள். வியாழக்கிழமை கூட்டத்தில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். மூன்றாவதை நான் சொல்கிறேன்.