அண்ணன் வயலில் நாலு மூலை

இன்று காலை என் அண்ணன் பேசியதைக் கேட்டு ஒரு வெள்ளைக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் அதே அண்ணன் பேசியதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகள், அங்குள்ள ஒரு யூத ஜெப ஆலயம் பெரியவர்களுக்கு நடத்தும் ஆன்லைன் வகுப்பில் எங்கள் இருவரையும் சேர்த்துவிட்டாள். ஜோடி ஜோடியாகப் படித்து, ஒருவரை ஒருவர் மடக்கிக் கேள்வி கேட்க வேண்டும். எனக்கு ஜோடி அண்ணன்தான்.

இன்றைய பாடம், வயல் மூலையை அறுக்காமல் ஏழைகளுக்கு விடச் சொல்லும் பழைய சட்டம்.

"எங்க ஊரு திருக்காட்டுப்பள்ளிக்காரங்களுக்கு இது ரத்தத்துலயே ஊறினது" என்று இங்கிலீஷில் அளந்தார் அண்ணன். ஒரே பாராட்டு.

மதியம் அவர் வயலில் அறுப்பு. மூலையில் மெஷின் திரும்பாது என்பதால், நாலு மூலையையும் முன்கூட்டியே ஆள் விட்டு அரிவாளால் அறுத்திருந்தார். அங்கே உதிர்ந்து கிடந்த கதிரைக் கூலி வேலைக்குப் போகும் பழனியம்மாள் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு எறங்குன? மடியில இருக்கறதக் கொட்டிட்டுப் போ!" என்று கத்தினார் அண்ணன்.

கொட்டிவிட்டுப் போனார். ஒரு படிகூட இருக்காது.

"காலையில என்னண்ணே பேசுனீங்க?" என்றேன்.

"அது கிளாஸு, இது வயலு. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

அடுத்த வாரமும் அவரை மடக்க வேண்டியவள் நான்தான். வகுப்பில் வீட்டிலிருந்து சேரட்டுமா, கேமராவோடு அந்த மூலையில் போய் நிற்கட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.