என் மகள் போட்ட ஒரு வரிப் பதில்

பிள்ளைகளே, என் மகள் கணினிக்கு நிரல் எழுதுகிறவள். வேலை வீட்டிலிருந்துதான். அது போக ஒரு மின்னஞ்சல் குழுவிலும் இருக்கிறாள். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து, சம்பளமில்லாமல் ஒரு மென்பொருளை எழுதி வளர்க்கிறார்கள். ஒருவர் சந்தேகம் கேட்டு அஞ்சல் போட்டால் அது குழுவில் எல்லாருக்கும் போகும்; தெரிந்தவர் பதில் சொல்வார். எனக்கு விளங்கியது இவ்வளவுதான். நான் சிவகாசி அச்சகம் ஒன்றில் பேப்பர் வெட்டும் மிஷின் ஓட்டுகிறவன்; படிப்பு பத்தோடு சரி.

ஒரு நாள், புதிதாக வந்த ஒருவர் குழுவில் ஏதோ கேட்டிருக்கிறார். இவள் ஒரே வரியில் பதில் போட்டாள்: ‘இதற்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது, பழைய அஞ்சல்களில் தேடவும்.’

அவ்வளவுதான். ‘புது ஆளை இப்படியா விரட்டுவது?’ என்று ஒருவர் எழுத, ‘தேடாமல் கேட்டது அவர் தப்பு’ என்று இன்னொருவர் எழுத, ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். கேள்வி கேட்டவரை மட்டும் காணோம்.

மகளுக்குச் சோறு இறங்கவில்லை. இவளும் ஒரு காலத்தில் அதே குழுவில் பயந்து பயந்து கேள்வி கேட்டவள்தானே.

“நான்தான் அவர வெரட்டிட்டேனோப்பா?” என்றாள்.

என் மனைவி சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசுக் கடையில் வேலை பார்க்கிறவள். தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்:

“பின்ன? சீசன்ல அம்புட்டுப் பேரும் அதே புஸ்வாணத்துக்குத்தான் வெல கேப்பாக. வெல போர்டுல எழுதித்தான் தொங்குது. ‘அங்கன பாருங்க’ன்னு சொல்லிப் பாரு, அடுத்த கடையில நிப்பாக.”

“அம்மா, இது கடையும் இல்ல, யாவாரமும் இல்ல.”

“யாவாரமே இல்லாத எடத்துல எதுக்கு இம்புட்டு மொறைப்பு? ‘வாங்க, சாப்பிட்டீகளா’ன்னு ஒரு வார்த்த எழுது புள்ள.”

“ஊரு ஒலகமே படிக்கும்மா. சிரிப்பாக!”

“சிரிக்கட்டுமே. சிரிக்கிறவுக சண்ட போட மாட்டாகள்ல?”

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் உட்கார்ந்து எழுதினாள்: ‘அவசரத்தில் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். உங்கள் கேள்வி நல்ல கேள்வி. எங்கே தடுக்கிறது என்று சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்.’ சாப்பாட்டு விசாரிப்பை மட்டும் சேர்க்கவில்லை.

மறுநாள் அவரிடமிருந்து பதில் வந்தது. கோபமே இல்லையாம். இவள் சொன்னபடி பழைய அஞ்சல்களை வரிசையாகப் படித்துக்கொண்டு இருந்தாராம். சண்டை நடந்ததே தெரியாதாம். தேடியது கிடைத்துவிட்டது, ஆனால் அந்தப் பதிலில் ஒரு பிழை இருக்கிறது, நான் திருத்தித் தரலாமா என்று கேட்டிருந்தார்.

அந்தப் பழைய பதிலை எழுதியது யார் தெரியுமா? என் மகளேதான்!

அம்மாவும் மகளும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் கிடந்த தோசை கருகிப்போனது. ‘தாராளமாகத் திருத்துங்கள், நானும் கூட இருக்கிறேன்’ என்று மகள் உடனே எழுதினாள்.

அவர் இன்றைக்கும் குழுவில் இருக்கிறார். புதியவர்கள் யார் கேட்டாலும் முதல் பதில் அவருடையதுதான். ரொம்ப நீளமாக எழுதுகிறார் என்று மகளுக்குக் குறை. ஆனால் ஒன்று விடாமல் படித்துவிடுகிறாள்.