குடும்பப் பெயர் என்ற கட்டம்

லண்டன் சட்டனில் எங்கள் தெருவில் கவுன்சில் படிவமோ அரசு உதவிப்பணத்துக்கான பெனிபிட் படிவமோ எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் கைவிட்டது. ஆனாலும் இந்த ஊர்ப் படிவங்களை எழுத்துக்கூட்டியே படித்துப் பிடித்துக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமைதான் கண்ணை மறைத்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் எழுபது தாண்டிய ஒரு அம்மா தனியே இருந்தார். மாதா கோயிலில் எங்களோடு ஒரே வாங்குப் பலகையில் இருப்பவர். பிறந்தது லண்டனில். தகப்பன் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உக்ரைனிலிருந்து வந்து செங்கல் சூளையில் வேலை செய்தவர். ஊரைப் பற்றி வாயே திறக்கமாட்டாராம். அவர் செத்தபிறகு கோட்டுப் பைக்குள் ஒரு சிறுமியின் படம் இருந்தது. பின்பக்கத்தில் ஒரு பெயர், ஒரு ஊர், ‘என் மகள்’ என்ற இரண்டு சொல்.

“எனக்கொரு அக்கா இருக்கிறாள்,” என்று அந்த அம்மா படத்தை என்னிடம் நீட்டினார். “இப்போது தொண்ணூறை நெருங்கியிருப்பாள். ஒரு தரம் அவளுடைய குரலைக் கேட்டால் போதும்.”

தங்கள் குடும்பப் பெயருக்குக் குயவர் என்று பொருள் என்றார். பானை வனைந்த யாரோ ஒரு பாட்டனில் தொடங்கி அந்தப் பெயர் இறங்கி வந்ததாம். தான் கல்யாணம் செய்யாததால் லண்டனில் அது தன்னோடு முடிகிறது என்றும் சொன்னார். நான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எங்களில் பெயர் அப்படி இறங்குவதில்லை. என் தகப்பனின் பெயர் எனக்குப் பின்னால் நிற்கும், என் பெயர் என் மகளுக்குப் பின்னால் நிற்கும். அவளிடம் என் தகப்பனின் பெயர் இல்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் படத்தில் இருந்த ஊரின் பதிவு அலுவலகத்துக்கான படிவத்தை நிரப்பினேன். தேடப்படுபவர் பெயர் என்ற கட்டத்தில் சிறுமியின் பெயர். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில், கை தன்பாட்டில் அவளுடைய தகப்பனின் சொந்தப் பெயரை எழுதியது. என் மகளுக்கு எத்தனையோ படிவங்களில் அப்படியே எழுதிப் பழகிய கை. அந்த அம்மாவுக்குக் கண்ணில் புரை. நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பதில் வர மாதங்கள் ஆயின. அப்படி ஒருவர் எங்கள் பதிவில் இல்லை என்று எழுதியிருந்தார்கள். போர் நடக்கிற நாடு, பதில் வந்ததே பெரிது என்று நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் படத்தை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். பிறகு கோயிலுக்கு வருவது குறைந்தது. பகலிலும் அவர் வீட்டுத் திரைச்சீலை இழுத்து மூடியபடியே கிடந்தது.

“இஞ்சாருங்கோ, அந்த மனிசி சாப்பிடுறேல்லைப் போல,” என்றாள் என் மனைவி. “குடுத்த சோறு அப்பிடியே கிடக்குது. நீங்கள்தான் தேடித் தாறன் எண்டு ஆசையைக் கிளப்பிவிட்டியள்.”

பனிக்காலம் போனபின், கோயில் மண்டபத்தில் வேலைக்குச் சேர்ந்த உக்ரைன் பெண்ணிடம் அந்தப் பதிலையும் என் படிவத்தின் நகலையும் காட்டினேன். நகலைப் பார்த்ததும் அவளுடைய நெற்றி சுருங்கியது. இது தகப்பன் பெயரல்லவா, குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டாள். அந்த அம்மா சொன்ன குயவர் பெயரைச் சொன்னேன்.

அங்கேயே நின்று அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குயவர் வீட்டுக் கிழவியா என்றார்களாம். பதிவைப் புரட்டவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஊர்க் கடைசி வீட்டில் தனியாக இருந்தவர், இந்தப் பனிக்காலத்தில்தான் செத்தாராம்.

சொல்லாமல் விட்டால் என்ன என்று வீட்டில் கேட்டேன்.

“போய்ச் சொல்லுங்கோ,” என்றாள் மனைவி. “எழுதினது உங்கட கை.”

அந்த அம்மா இருக்கச் சொல்லியும் நின்றபடியே சொன்னேன், கட்டத்தில் நான் எழுதியது உட்பட எல்லாவற்றையும். அவர் மூடிய திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படியென்றால் நீ எழுதியபோது அவள் இருந்திருக்கிறாள்.”

“ஓம்,” என்றேன். ஆம் என்பதற்கு ஆங்கிலம் வரவில்லை, தமிழ்தான் வாயில் வந்தது.

லாச்சியைத் திறந்து படத்தையும் பேனையையும் எடுத்துத் தந்தார். பின்பக்கத்தில், சிறுமியின் பெயருக்குப் பக்கத்தில் குடும்பப் பெயரை எழுதச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வாங்கி, கண்ணோடு ஒட்டப் பிடித்து, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எந்தப் படிவமும் கொண்டுவரவில்லை.