இரண்டாம் பக்கத்தில் வைத்த எச்சரிக்கை

முருகனை நம்பி வாழும் என் சொந்தங்களே, அந்த மின்னஞ்சல் இன்னும் எனக்கு வரிக்கு வரி மனப்பாடம்.

"மேடம், ஓசூர் பக்கத்து சானமாவு காட்டு யானைகள் பற்றிய உங்கள் கட்டுரை சூப்பர். ஞாயிறு காலை ஐந்தரைக்கு நீங்கள் சொன்ன மண்பாதைக்கே போகிறோம். பசங்க ரெண்டும் ஒரே குதி."

பெங்களூரிலிருந்து யாரோ ஒரு தகப்பன் எழுதியிருந்தார். நான் அதைப் பார்த்தது சனிக்கிழமை சாயங்காலம். போன் நம்பர் எதுவும் இல்லை.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, ராகி அறுப்புச் சமயம். கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். வீட்டுக்காரருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை. அவர் ஷிப்டுக்குப் போனபின் ஓர் இணைய இதழுக்குக் கட்டுரை எழுதுவேன். "முதல் பத்தியிலயே ஆளை இழுக்கணும்மா. பயமுறுத்துறதெல்லாம் கடைசியில வச்சுக்குங்க" என்பார் ஆசிரியர். நானும் இழுத்தேன். விடிகாலைப் பனி, ராகிக் காட்டோரம் குட்டியோடு நிற்கும் யானைக் கூட்டம், எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பது வரை எழுதினேன். துணைத்தலைப்பெல்லாம் போட்டு லட்சணமாக இருந்தது. இத்தனைக்கும் அந்தப் பாதையில் நான் கால் வைத்ததே இல்லை. எல்லாம் கேள்விப்பட்டதுதான்.

'இது யானைகள் நடமாடும் இடம், உயிருக்கு ஆபத்து, உள்ளே போகவே போகாதீர்கள்' என்று எழுதாமல் இல்லை. கடைசிப் பத்தியில் எழுதினேன். கட்டுரை நீளம் என்று இதழில் இரண்டு பக்கமாகப் பிரித்துவிட்டார்கள். என் எச்சரிக்கை, 'அடுத்த பக்கம்' என்ற சுட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அதை யார் அழுத்துவார்கள்?

நாலு முறை பதில் அனுப்பினேன். சத்தமே இல்லை. ஆசிரியருக்குப் போன் போட்டு அழுதேன். "பக்கத்தை இப்பவே தூக்கிடறேன். ஆனா படிச்சவங்க படிச்சாச்சேம்மா" என்றார்.

செந்திலாண்டவன் படத்துக்கு முன்னால் விழுந்தேன். "அப்பனே, நாலு பேர் பாராட்டணும்னு எழுதிட்டேன். அந்தப் பிள்ளைகள் மேல ஒரு கீறல் விழக்கூடாது. இனிமே நான் எழுதவே வேண்டாம்னாலும் சரி" என்று கதறினேன்.

வீட்டுக்காரர் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். "இங்கன உக்காந்து அழுதா அந்தக் கார் நிக்குமா? விடியுமுன்ன வண்டிய எடுக்கேன், வா."

ஐந்து மணிக்கெல்லாம் ராயக்கோட்டை ரோட்டில் அந்தத் திருப்பத்தில் நின்றோம். ராகிக்குக் காவல் இருந்த ஒருவர் டார்ச்சோடு ஓடி வந்தார்.

"ஏம்மா, இங்க எதுக்கு நிக்கறீங்க? ஆனை உள்ளதான் நிக்குது!"

"அண்ணே, உள்ள ஏதாவது கார் போச்சா?"

"இந்தப் பனியில என்னம்மா தெரியும்?"

ஐந்தரை ஆனது. ஆறு ஆனது. உள்ளே யானையை விரட்டப் பட்டாசு வெடிக்கும் சத்தமும் ஆட்களின் கூச்சலும் கேட்டன. முன்னாலேயே போய்விட்டார்களோ? முருகா, முருகா, முருகா. வேறு வார்த்தையே வாயில் வரவில்லை.

ஆறரை தாண்டியிருக்கும். ஓசூர்ப் பக்கமிருந்து ஒரு கார் வந்து மண்பாதையில் திரும்பியது. நான் குறுக்கே பாய்ந்தேன். "ஏய்!" என்று வீட்டுக்காரர் அலறினார். கார் கிரீச்சென்று நின்றது.

"யானைக் கட்டுரை படிச்சிட்டா வர்றீங்க?"

"ஆமா. நீங்க?"

"அத எழுதுன பாவி நாந்தான். உள்ள போகாதீங்க!"

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளேயிருந்து பிளிறல் கேட்டது. அத்தனை பக்கத்தில். அந்த மனிதர் காரைப் பின்னுக்கு எடுத்து ரோட்டோரம் நிறுத்தினார். பின்சீட்டில் ஒரு பையனுக்குப் பக்கத்தில் அவர் மனைவி ஒரு சின்னப் பெண்ணை மடியில் போட்டிருந்தார். கார் முழுக்கப் புளித்த வாடை.

"எல்லையில அத்திப்பள்ளி தாண்டுனதும் இவ வாந்தி எடுக்க ஆரம்பிச்சா. மூணு தடவ நிறுத்திட்டோம். இல்லன்னா அஞ்சரைக்கே உள்ள போயிருப்போம்" என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "குழந்தைங்க வருவாங்கன்னு எழுதறப்ப யோசிக்க மாட்டீங்களா?" என்று கத்தினார். ரோட்டிலேயே கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

வாந்தி எடுத்தது அந்தக் குழந்தை. எடுக்க வைத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்தத் திருப்பத்தில் நின்றவள் நான்.

எழுதுவதை அவன் பிடுங்கிக்கொள்ளவில்லை. இன்றும் எழுதுகிறேன். நேரில் பார்க்காத இடத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. ஆபத்து இருந்தால் அதுதான் முதல் வரி. "ஆளே வர மாட்டேங்கிறாங்கம்மா" என்று ஆசிரியர் புலம்புகிறார். வராவிட்டால் போகட்டும், வீட்டில் பத்திரமாக இருக்கட்டும்.

சொந்தங்களே, நாம் செய்துவிட்ட தப்பு நம் கையை மீறிப் போய்விடும் நேரம் உங்களுக்கும் வரலாம். வெட்கப்படாமல் அவனைக் கூப்பிடுங்கள், வருவான். ஆனால் கூப்பிட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். விடிவதற்குள் வண்டியை எடுங்கள்.